பொரியாத முட்டைகளும் கணக்கில் சேர வேண்டும்

வல்லூறு இனத்தைச் சேர்ந்த பைரி, பெருநகரக் கட்டடங்களில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பது இன்று பல நாடுகளில் காணப்படும் காட்சியாகும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், காலின்ஸ் வீதியின் உயரமான அலுவலகக் கட்டடமொன்றில் 1991 முதல் இப்பறவைகள் தங்கி வருகின்றன. இங்கிலாந்தில் டெர்பி பேராலயக் கோபுரத்தில் 2006-ல் அவற்றுக்கென மேடையே அமைக்கப்பட்டது. காமிராவின் வாயிலாகப் பெருந்திரளான மக்கள் குஞ்சு வளர்வதைக் கண்டு மகிழ்கின்றனர். மகிழ்ச்சி குற்றமன்று. எனினும், நான்கு முட்டைகளில் ஒன்றே பொரிந்த ஆண்டிலும் அனைவர் கண்களும் அவ்வொரு குஞ்சின் மீதே படிகின்றன. ஏனைய மூன்றும் என்னவாயின என்று வினவுவோர் சிலரே. விஞ்ஞான நோக்கில் அவ்வினாவே முதன்மையானது.

இதற்குப் பிரிட்டனில் நிகழ்ந்ததே தக்க சான்று. பைரிகள் பெருகிவிட்டன, பந்தயப் புறாக்களைக் கொன்று தீர்க்கின்றன என்று 1960-ல் புறா வளர்ப்போர் முறையிட்டனர். உண்மையறிய 1961, 1962 ஆம் ஆண்டுகளில் டெரெக் ராட்கிளிஃப் என்பாரின் பொறுப்பில் கணக்கெடுப்பு நடந்தது. பறவைகள் பெருகவில்லை, விரைந்து அருகிக்கொண்டிருந்தன. பல கூடுகளில் உடைந்த முட்டைகள் கிடந்தன. ராட்கிளிஃப் பழைய சேகரிப்புகளிலிருந்த முட்டை ஓடுகளை நிறுத்து, அவற்றின் நீள அகலத்தோடு ஒப்பிட்டார். 1947-ஐ ஒட்டி ஓடுகள் திடீரென மெலிந்தமை புலனாயிற்று; 1967-ல் அம்முடிவு வெளிவந்தது. டி.டி.டி. மருந்தின் எச்சம் இரையின் வழியே தாய்ப்பறவையின் உடலிற் சேர்ந்து, ஓட்டில் சுண்ணாம்பு படிவதைத் தடுத்தது என்பது பின்னர் உறுதிப்பட்டது. முட்டை சேகரித்தோர் பறவைகளுக்கு நன்மை செய்தவரல்லர்; ஆயினும், ஒவ்வொரு முட்டையின் மீதும் தேதியெழுதும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. அத்தேதிகள் இல்லையேல் காரணம் விளங்கியிராது.

தோல்வியைக் கவனித்ததால் விளைந்த எளிய நன்மைக்கும் உதாரணம் உண்டு. கனடாவின் மான்ட்ரியால் நகரில், சன் லைஃப் கட்டடத்தில் 1936 முதல் ஒரு பெண் பைரி தங்கியது. பைரி சுள்ளி கொண்டு கூடு கட்டுவதில்லை. மண்ணிலோ சரளையிலோ சிறு குழி பறித்து முட்டையிடும். வெறுந்தளத்தில் குழி பறிக்க இயலாது. முட்டை உருளும், மழைநீரில் நனையும். முதற்சில ஆண்டுகள் பயனின்றிக் கழிந்தபின், 1940-ல் சரளை நிரப்பிய தட்டு வைக்கப்பட்டது. அதன்பின் 1952 வரை அங்கே குஞ்சுகள் வளர்ந்தன. காமிரா வேண்டியிருக்கவில்லை, காரணம் உணர்ந்து நோக்கியவர் இருந்தனர்.

ஆதலின் கண்காணிப்போர் நாட்குறிப்பில் எழுத வேண்டுவன இவை: ஒவ்வொரு முட்டையும் இடப்பட்ட நாள், பொரிந்த நாள், பொரியாதவற்றின் தொகை, கொண்டுவந்த இரை, முதற்பறத்தலின் நாள். அடைகாத்தல் ஏறக்குறைய 33 நாட்கள். குஞ்சு பறக்க ஆறு வாரம். இக்கணக்கு தெரிந்தவர்க்கு, 40 நாட்களுக்கு மேலும் அடைகாக்கும் தாயைக் கண்டவுடன் ஐயம் எழும். ஒன்றும் நிகழாத நாளையும் 'நிகழவில்லை' என்றே எழுதுதல் வேண்டும். எழுதாத நாளுக்கும் நிகழாத நாளுக்கும் பின்னால் வேறுபாடு காண முடியாது. மூன்று மணி நேரம் நோக்கியதா, பத்து நிமிடமா என்பதும் குறிப்பில் இருத்தல் நலம்.

இந்தியாவிலோ பைரியின் உள்நாட்டு வகையான ஷாஹீன் பெரும்பாலும் செங்குத்தான பாறைகளில் முட்டையிடுகிறது; வடக்கிலிருந்து வரும் பைரிகள் குளிர்காலத்தில் நகரக் கோபுரங்களில் அமர்ந்து, வேனிலில் திரும்புகின்றன. ஆயின் செந்தலை வல்லூறு ஊர்ப்புற மரங்களில் காக்கையின் பழங்கூட்டையே பயன்படுத்துவதால், பள்ளி மாணவரும் அதனைத் தொலைவில் நின்று நோக்க இயலும். மரத்தில் ஏறுதல் கூடாது. பழங்கூடு தானே என்று கிளை கழிப்போர் அதனைக் கலைப்பதையும் ஆசிரியர் தடுக்கலாம். பொரியாத முட்டை கீழே விழுந்து கிடப்பினும், 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்திற்கொண்டு, அதனைத் தொடாமல் இடத்தையும் தேதியையும் குறித்து வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.