வெயிலில் வந்த கணவர் உளறினால் போதையா, ஹீட் ஸ்ட்ரோக்கா? வீட்டில் இருப்பவர் கையில்தான் முதல் 30 நிமிடம்

மே மாத மதியம், மணி 3. சென்ட்ரிங் வேலைக்குப் போன கணவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றவே தடுமாறுகிறார். "தண்ணி தரட்டுமா?" என்று மனைவி கேட்டால், சம்பந்தமே இல்லாமல் மேஸ்திரியைத் திட்டுகிறார். கண் சிவந்திருக்கிறது, கால் பின்னுகிறது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "காலையிலேயே போட்டுட்டார் போலம்மா. படுக்க விடு, தெளிஞ்சிரும்" என்கிறார்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் கோடையில் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி அவரைப் படுக்க விட்டால், அவர் தெளியாமலே போகலாம். உளறல், எரிச்சல், தள்ளாட்டம் மூன்றும் போதைக்கு மட்டும் சொந்தமில்லை. ஹீட் ஸ்ட்ரோக்கின் முதல் அடையாளமும் அதுதான்.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலைமை தெரியாது. நெஞ்சு வலி வந்தால் "வலிக்குது" என்று சொல்லிவிடலாம். இங்கே சொல்ல வேண்டிய மூளையே சூடாகிக் குழம்பிக் கிடக்கும். "எனக்கு ஒண்ணும் இல்ல, விடு" என்றுதான் அவர் சொல்வார். எனவே முதல் முடிவை எடுக்க வேண்டியவர் பக்கத்தில் இருப்பவர். பெரும்பாலான வீடுகளில் அது மனைவி, அல்லது கணவர்.

2024 மே மாதம் நடந்தது நினைவிருக்கிறதா? அகமதாபாத்தில் ஐ.பி.எல். போட்டியைப் பார்த்த ஷாரூக் கான், மறுநாள் மே 22ஆம் தேதி அங்கேயே தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காரணம் ஹீட் ஸ்ட்ரோக் என்று அந்த மாவட்ட காவல்துறை அதிகாரி சொன்னார். மனைவி கௌரி கான் உடனே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அடுத்த நாளே டிஸ்சார்ஜ். நான்காவது நாள் சேப்பாக்கத்தில் கொல்கத்தா அணி கோப்பையை வாங்கும்போது அவரும் மைதானத்தில் இருந்தார்.

அந்தச் செய்தியைப் படித்தவர்களில் பலர், "ஓ, ஹீட் ஸ்ட்ரோக்னா ஒரு நாள் டிரிப்ஸ் ஏத்தினா சரியாயிடும் போல" என்று நினைத்திருப்பார்கள். நீரிழப்பு, வெப்பச் சோர்வு, ஹீட் ஸ்ட்ரோக் என்ற மூன்று சொற்களையும் ஊடகங்களும் (எங்களையும் சேர்த்துத்தான்) பல நேரம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகின்றன. மூன்றும் ஒரே பாதையில் வருபவைதான், ஆனால் ஆபத்து ஒன்றல்ல.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

நீரிழப்பு என்றால் உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்துவிட்டன என்று அர்த்தம். நாக்கு வறளும், சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகும், எழுந்து நின்றால் தலை சுற்றும். வெயிலிலும் வேலையிலும் இது நீடித்தால் வெப்பச் சோர்வு. தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் சதை பிடிப்பது, சட்டை நனைய வியர்ப்பது எல்லாம் இதில் வரும். ஆனால் ஆள் தெளிவாகப் பேசுவார். இந்தக் கட்டத்தில் நிழல், காற்று, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த தண்ணீர், காலைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வைப்பது போதும். அரை மணி நேரத்தில் தேறவில்லை, அல்லது குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறார் என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஹீட் ஸ்ட்ரோக் அடுத்த கட்டம். உடம்பின் உள் வெப்பநிலை சாதாரணமாக 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அது 40 டிகிரியைத் தாண்டி, கூடவே மூளையும் குழம்பினால் ஹீட் ஸ்ட்ரோக். வீட்டில் இருப்பவர் கோட்டைப் போட வேண்டிய இடம் இதுதான்: பேச்சு தெளிவாக இருக்கிறதா, இல்லையா?

அதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். "என்னங்க, இன்னிக்கு என்ன கிழமை? சின்னவ எந்த கிளாஸ் படிக்கிறா?" என்று கேளுங்கள். உடம்பு கொதிக்கிறது, பதில் உளறலாக வருகிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அக்குளில் வைத்துப் பார்த்தால் உள் வெப்பத்தைவிடக் குறைவாகவே காட்டும், அதை நம்பி ஏமாறவும் கூடாது.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் உண்டு. "உடம்பு வியர்க்குதே, அப்போ ஸ்ட்ரோக் இல்ல" என்பார்கள். வீட்டுக்குள்ளேயே வெந்துபோகும் முதியவர்களுக்குத் தோல் காய்ந்து கிடக்கலாம். ஆனால் வெயிலில் உழைத்துக்கொண்டிருந்தவருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்தபோதும் வியர்வை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். வியர்வையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

உடம்பின் ஏ.சி. வியர்வைதான். அது ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இந்த ஏ.சி.க்குத் தோலுக்குப் போதுமான ரத்த ஓட்டமும் உடம்பில் தண்ணீரும் தேவை. தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவும் குறையும், இதயம் வேகமாக அடித்தும் சமாளிக்க முடியாமல் போகும். ரத்தம் தோல் பக்கம் திருப்பிவிடப்படுவதால் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போவது குறைகிறது. குடல் சுவர் பலவீனமாகி, அங்கிருக்கும் கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கசிகிறது. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது, கல்லீரல் பாதிக்கப்படுகிறது, ரத்தம் உறைவதே தாறுமாறாகிறது. வெயிலில் தொடங்கியது ஒன்றிரண்டு மணி நேரத்தில் பல உறுப்புகளின் செயலிழப்பாக மாறுவது இப்படித்தான்.

இந்தச் சங்கிலியை அறுக்க ஒரே வழி, சூட்டை இறக்குவது. எவ்வளவு நேரம் உள் சூடு 40க்கு மேல் நிற்கிறதோ அவ்வளவு சேதம். முதல் அரை மணி நேரத்துக்குள் இறக்கினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. பாராசிட்டமால் இதற்கு உதவாது. இது காய்ச்சல் இல்லை. அந்த மாத்திரை வேலை செய்யும் வழியே வேறு.

சரி, அந்த மனைவி என்ன செய்யணும்?

முதலில் 108. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையை வேலைக்கு விடுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்கக் கூடாது என்பதுதான் இங்கே முக்கியம். விளையாட்டு மருத்துவத்தில் இதற்கு ஒரு விதியே இருக்கிறது: முதலில் குளிர வை, பிறகு கொண்டு போ.

சட்டையைக் கழற்றுங்கள், பேன்ட்டைத் தளர்த்துங்கள் அல்லது அதையும் கழற்றிவிடுங்கள். வெட்கப்படும் நேரம் இல்லை. குழாயடிக்கோ பாத்ரூமுக்கோ இழுத்துப் போக முடிந்தால் தண்ணீரை மொண்டு மொண்டு உடம்பெல்லாம் ஊற்றுங்கள், முகத்தில் மட்டும் பார்த்து. முடியாவிட்டால் தரையில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள். கரண்ட் இல்லையா, அட்டையை எடுத்து விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். ஈரப் போர்வையால் மூடி வைத்துவிட்டால் காற்று படாது, சூடு உள்ளேயே தங்கும். கூட்டத்தையும் விலக்குங்கள். நம்ம ஊரில் ஒருத்தர் விழுந்தால் இருபது பேர் சுற்றி நின்று காற்றை அடைப்பார்கள்.

அடுத்தது, பாசத்தில் எல்லோரும் செய்யும் தவறு. உளறுகிறவர், அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சோடா, மோர், இளநீர் எதுவும் கூடாது. விழுங்கும் கட்டுப்பாடு இல்லாதபோது அது நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இந்த நிலையில் தண்ணீர் உடம்புக்கு வெளியேதான். உள்ளே போக வேண்டியதை மருத்துவர்கள் நரம்பு வழியாக ஏற்றுவார்கள்.

தெளிவாகப் பேசுகிறவருக்கு மட்டும்தான் ஓ.ஆர்.எஸ். 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பாங்கான் அகதி முகாமில் காலரா வந்தவர்களைக் காப்பாற்ற, டாக்டர் திலீப் மகலனாபிஸ் பெரிய அளவில் பயன்படுத்திய அதே உப்பு சர்க்கரைக் கரைசல்தான். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் ஓ.ஆர்.எஸ். என்று எழுதிய இனிப்பு பானங்களை நம்பி வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவு போட்டது.

யாரைக் கூடுதலாகக் கவனிக்கணும்?

பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர், சர்க்கரைக்குச் சிறுநீர் வழியாகக் குளுக்கோஸை வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர், சில மனநல மருந்துகள் எடுப்பவர் எல்லோருக்கும் வெயில் சீக்கிரம் தாக்கும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்களும் அப்படியே. வயதாக ஆகத் தாகமே குறைந்துவிடும், "தாகம் எடுத்தா குடிக்கிறேன்" என்பது 65 வயதுக்காரருக்குப் பொருந்தாது.

பெண்களுக்கு வேறொரு காரணம் இருக்கிறது. போகிற இடத்தில் கழிப்பறை இல்லை, அல்லது இருக்கிற நிலையில் இல்லை என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இப்படி மயங்கி விழும் மனைவியைப் பார்த்து, "காலைல சாப்பிடாம போனா இப்படித்தான்" என்று சொல்லிக் காபி கலக்கப் போகும் கணவர்களும் உண்டு.

'அக்னி நட்சத்திரம் முடிஞ்சிருச்சே' என்று விட்டுவிடலாமா?

கூடாது. 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. லட்சக்கணக்கானோர் திரண்டார்கள், 5 பேர் இறந்தார்கள். அக்னி நட்சத்திரம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்று சென்னையில் வெயில் 40 டிகிரியைத் தொடவே இல்லை. சமவெளியில் 40, கடலோரத்தில் 37 டிகிரியாவது தொட்டால்தான் வானிலை ஆய்வு மையம் வெப்ப அலை பற்றிய கணக்கையே தொடங்கும். ஆனால் கடலோரத்தில் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை ஆவியாகாது, வழிந்து ஓடும். வழிந்து ஓடும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. கூட்ட நெரிசல், நிழல் இல்லாத மணல், நகர முடியாத சாலை எல்லாம் சேர்ந்தால் 35 டிகிரியே போதும். அந்த 5 பேருமே இறந்த நிலையில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்று அமைச்சர் மா.சுப்பிரமணியன் சொன்னார். மருத்துவமனைக்கு முந்தைய நிமிடங்களைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

அகமதாபாத் இந்தப் பாடத்தை முன்பே படித்த நகரம். 2010 மே மாதத்தில் அங்கே வெயில் 46.8 டிகிரி வரை போனது. அந்த ஒரே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் அதிகம் என்று பிறகு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வெயிலால் செத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மொத்த மரணங்களை ஒப்பிட்டுத்தான் அந்த எண் கிடைத்தது. அதன் பிறகே 2013இல் தெற்காசியாவின் முதல் நகர வெப்பச் செயல் திட்டம் அங்கே வந்தது.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆனால் வெயில் மரணத்தை நிரூபிப்பது லேசில்லை. பிரேதப் பரிசோதனையில் "இது ஹீட் ஸ்ட்ரோக்தான்" என்று தனியாகக் காட்டிக்கொடுக்கும் தடயம் எதுவும் கிடையாது. உடம்பு குளிர்வதற்கு முன் எடுத்த வெப்பநிலையும், அவர் எங்கே எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார் என்ற விவரமும்தான் ஆதாரம். அது இல்லாவிட்டால் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று முடிந்துவிடும்.

அதனால், மருத்துவமனை வாசலில் என்ன சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். "மயங்கி விழுந்துட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணியிலிருந்து வெயிலில் இருந்தார், எப்போது உளற ஆரம்பித்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், நீங்கள் எத்தனை நிமிடம் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று சொல்லுங்கள். வந்தவுடனே எடுத்த உடல் வெப்பநிலையைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

தெளிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் சிறுநீர் அளவையும் நிறத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு முறை ஹீட் ஸ்ட்ரோக் வந்தவருக்குச் சில வாரங்களுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி குறைவாகவே இருக்கும். "இன்னிக்கு நல்லாத்தான் இருக்கேன், ஒரு நாள் கூலி போகுது" என்று அவர் மூன்றாம் நாளே கிளம்பப் பார்ப்பார். மருத்துவர் சொல்லும் தேதி வரை அவரைத் தடுத்து வைப்பதும் வீட்டில் இருப்பவரின் வேலைதான்.