ஆயில் குடிக்கும் பழைய மாருதி: என்ஜினை மாற்றுவதா, பிரித்து வேலை பார்ப்பதா?

சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளம்பும் சில பழைய மாருதி 800 கார்களைக் கவனித்திருப்பீர்கள். பின்னால் குப்பென்று நீல நிறத்தில் புகை வரும். பைக்கில் பின்னால் வருபவர் முகத்தைச் சுளிப்பார். மெக்கானிக்கிடம் போனால் ஒரே வரியில் தீர்ப்பு: "வண்டி ஆயில் குடிக்குது சார், என்ஜின் போச்சு!"

இதைக் கேட்டதும் வண்டிக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். மாதம் ஒரு டப்பா ஆயில் ஊற்றி ஓட்டினால் போதும் என்பது ஒரு கட்சி. வேறு என்ஜின் மாட்டு, இல்லாவிட்டால் வண்டியை எடைக்குப் போடு என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறது. ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று யாரும் பார்க்கவே இல்லை!

மாருதி 800 விற்பனைக்கு வந்தது 1983 டிசம்பரில். தயாரிப்பு நின்றது 2014 ஜனவரியில். ஆக, இன்று ஓடுகிற மாருதி 800 எல்லாமே வயசான வண்டிதான். 796 சிசி, மூன்று சிலிண்டர், சின்ன என்ஜின். இதற்குள் இருக்கும் ஆயிலே சுமார் மூன்று லிட்டர்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்தால் மூன்றில் ஒரு பங்கு காலி என்று அர்த்தம்.

சரி, ஆயில் எங்கே போகிறது? முதலில் கீழே ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டுவைத்தால் காலையில் தெரிந்துவிடும். ஒழுக்கு இல்லை, புகைதான் என்றால் அது எப்போது வருகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் புகைந்து அடங்கினால் வால்வ் சீல் மேல் சந்தேகம். மேட்டில் ஏறும்போதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கலாம். என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைத்திருந்தாலும் ஆயில் குறையும். அது சின்ன வேலை.

இதை உறுதி செய்ய கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் மீட்டரை வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பார்கள். குறைவாகக் காட்டினால் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங் பக்கம் கோளாறு. ஏறவில்லை என்றால் வால்வ் பக்கம். அழுத்தம் சரியாகவே இருந்து காலையில் மட்டும் புகைந்தால் வால்வ் சீலோடு வேலை முடியக்கூடும். இந்த அரை மணி நேர சோதனையைச் செய்யாமல் முழு என்ஜினுக்கும் பணம் கட்டுவது எந்த ஊர் கணக்கு?

இப்போது கணக்குக்கு வருவோம். மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 6 லிட்டர் ஆயில். லிட்டர் 450 ரூபாய் என்றால் 2,700 ரூபாய். என்ஜின் வேலைக்கு 30,000 ஆகும் என்றால், அந்தப் பணத்தில் 11 வருஷம் ஆயில் ஊற்றலாம். ஊற்றி ஓட்டும் கட்சி ஜெயித்துவிட்டது போலத்தான் தெரிகிறது.

ஆனால் இந்தக் கணக்கில் சில செலவுகள் விடுபட்டுப் போயின. பிளக்கில் கரி பிடித்து வண்டி மிஸ் ஆகும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள வண்டி என்றால், ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் அதைக் கெடுத்துவிடும். ஒரு மாதம் ஆயில் பார்க்க மறந்தால் பேரிங் போய் என்ஜினே இறுகிவிடும். அப்புறம் ரிப்பேர் செய்யக்கூட மிச்சம் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் புகையைச் சுவாசிப்பவர் வண்டிக்காரர் இல்லை, பின்னால் வருபவர். பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்பார்கள். ஒருவர் மிச்சம் பிடிக்கும் காசுக்கு வேறொருவர் நுரையீரல் விலை கொடுக்கிறது. ஆயில் ஊற்றி ஓட்டுவது மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் வேறு என்ஜின் மாட்டிவிடலாமா? சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய என்ஜின் கிடைக்கும். ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதை நம்பிக்கையின் பேரில்தான் வாங்க வேண்டும். தெரிந்த நோயைக் கொடுத்துவிட்டு தெரியாத நோயை வாங்குவது மாதிரி. இன்னொன்று, ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் நம்பர் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, முன் அனுமதி வாங்காமல் என்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் வண்டியை விற்கும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் தலைவலிதான்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால், சொந்த என்ஜினையே லேத் பட்டறைக்கு அனுப்பி ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்கும் போடுவதே நல்லது. தேய்ந்த சிலிண்டரில் ரிங்கை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி புகை வரும். நம்பர் மாறாது, உள்ளே என்ன போட்டார்கள் என்பதும் கண் முன்னால் தெரியும்.

"அறுபதாயிரம் பெறாத வண்டிக்கு முப்பதாயிரம் செலவா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வியே தப்பு. இந்த வண்டியை விற்றுவிட்டு இதே வேலைக்கு இன்னொரு வண்டி வாங்க எவ்வளவு கூடுதலாகப் போட வேண்டும் என்பதே சரியான ஒப்பீடு. அந்த செகண்ட் ஹேண்ட் வண்டியும் ஆயில் குடிக்காது என்று யார் உத்தரவாதம் தருவார்? அதேபோல், "போன வருஷம்தான் பெயின்ட் அடித்தேன்" என்பதும் காரணம் ஆகாது. அது மூழ்கிய செலவு. இனி ஆகப்போகும் செலவைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லா வண்டியையும் காப்பாற்றச் சொல்லவில்லை. அடித்தளம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் என்ஜினுக்குச் செலவழிப்பது வீண். 15 வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிவிடுவதே முறை.

பாடி நன்றாக இருந்து, சோதனையில் கோளாறும் பிடிபட்டுவிட்டால், தாராளமாகப் பிரித்து வேலை பார்க்கலாம். அதுவரை வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை!