எந்தக் கதவைத் தட்டுவது?

தோட்டம் துண்டாடி விற்கப்படும்போது தொழிலாளி இழப்பது இரண்டு: வேலை, லயத்து வீடு. 1957ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையோ இவற்றை இரு கைகளில் பிரித்துக் கொடுத்திருக்கிறது. தொழிலாளர் சட்டம் மத்திய அரசாங்கத்துக்கு. நிலம் மாநில அரசாங்கத்துக்கு. வேலையில் இருப்பவரின் குடியிருப்புக்காக நாடாளுமன்றம் 1990இல் சட்டம் இயற்றியது. வேலை போனபின் சொந்த மனைக்கு நிலம் ஒதுக்க வேண்டியது மாநிலமல்லவா?

நட்ட ஈட்டுக்குத் தொழிலாளர் இலாகாவுக்கு மனுச் செய்யும் அன்றே, மனை நிலத்துக்கு மாநில அரசாங்கத்திடமும் மனுக் கொடுப்போம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்ள இடந்தரலாகாது. தோழர்களே! நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என நமக்கு வாக்கும் இரண்டு. இரண்டுக்கும் கணக்குக் கேட்போம்!