அடுத்துப் பார்க்க வேண்டிய தொடர் எது?



பள்ளி ஆண்டு மலரில் ஜப்பானியச் சித்திரத் தொடர்களைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? இடைவேளை மணி அடித்தவுடன் நம் வகுப்பறைகளில் எழும் பேச்சில் பாதி இந்த 'அனிமே'யைப் பற்றியதே. "இந்தத் தொடர் முடிந்துவிட்டது, இதைப் போல வேறு என்ன இருக்கிறது?" என்று ஒருத்தி கேட்க, பத்துப் பேர் விடை சொல்ல, அதற்குள் இடைவேளை முடிந்துவிடும். வீட்டிற்குச் சென்றாலோ கைப்பேசித் திரையே அடுத்ததை எடுத்து நீட்டுகிறது.

இவ்வாறு சொல்லப்படும் விடைகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதே எங்கள் தாழ்மையான கருத்து. வாள் வந்த கதையைப் பார்த்தவர்க்கு இன்னொரு வாள் கதை. சண்டை பார்த்தவர்க்கு அதைவிடப் பெரிய சண்டை. "அதில் உனக்கு எது பிடித்தது?" என்று ஒருவரும் கேட்பதில்லை. துணிக்கடையில் கூட, "விசேஷத்துக்கா, வீட்டில் உடுத்தவா?" என்று கேட்டுவிட்டுத்தானே சேலையை விரிக்கிறார்கள்!

எங்களுக்குத் தெரிந்த நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன், 'நருட்டோ' தொடரை ஆவலோடு பார்த்து வந்தான். 2002-ஆம் ஆண்டு ஜப்பானில் தொடங்கிய அத்தொடர் 2022-இல் தமிழிலும் தொலைக்காட்சிக்கு வந்தது நீங்கள் அறிந்ததே. இதைப் போல வேறொன்று வேண்டும் என்று அவன் கேட்க, தெருவில் பெரிய பையன் ஒருவன் 'அட்டாக் ஆன் டைட்டன்' என்ற தொடரைக் காட்டிவிட்டான். அதன் முதல் பாகத்திலேயே கதாநாயகனின் தாயை ஓர் அரக்கன் விழுங்கிவிடுகிறான். சிறுவன் ஒரு வாரம் விளக்கை அணைக்க விடவில்லை. அன்றோடு அந்த வீட்டில் ஜப்பானியப் படம் என்றாலே தடை. அவனுடைய அக்கா எங்கள் வகுப்புத் தோழி. அவள் பார்த்துக்கொண்டிருந்த 'ஹைக்யூ' என்ற கைப்பந்தாட்டத் தொடரும் பாதியிலேயே நிற்கிறது.

அந்தத் தாயை நாங்கள் குறை கூற மாட்டோம். ஆனால் அச்சிறுவன் நருட்டோவில் விரும்பியது சண்டையையா? ஊரார் எல்லாம் ஒதுக்கி வைத்த, தாய் தந்தையற்ற ஒரு பையன், "என்னையும் ஒரு நாள் மதிப்பீர்கள்" என்று முயல்வதையன்றோ அவன் விரும்பினான்! அப்படிப்பட்ட கதை அவன் வீட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஹைக்யூவின் ஹினாட்டா, உயரம் குறைந்தவன். "இந்த உயரத்தில் கைப்பந்தாட்டமா?" என்று கேட்போர் நடுவில் எகிறிக் குதித்துப் பந்தை அடிக்கிறவன். அக்காவும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

'ஹைக்யூ' பிடித்த தோழியர், அதில் வருபவர்கள் பெரும்பாலும் பையன்கள்தாமே என்று குறைப்பட்டால், 'அட்டாக் நம்பர் ஒன்' என்ற பழைய தொடரைப் பார்க்கலாம். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். இது பெண்களின் கைப்பந்தாட்டக் கதை. 1969 முதல் 1971 வரை 104 பாகங்களாக வந்தது. 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியப் பெண்கள் சோவியத் அணியை வென்று தங்கம் பெற்றார்கள் அல்லவா? அந்த அணியில் பெரும்பாலோர் நிச்சிபோ என்ற நூற்பாலையின் தொழிலாளர்கள். பகலில் ஆலையில் வேலை, பிறகு இரவு வெகுநேரம் வரை பயிற்சி. அந்த வெற்றிக்குப் பின் எழுந்த ஆர்வத்தில் பிறந்ததே இக்கதை. 1996-இல் மூடப்பட்ட பின்னி ஆலையின் சங்கொலியைக் கேட்டு நேரம் பார்த்த தாத்தா பாட்டிகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பாருங்கள். ஆலைக் கதைகள் இரண்டு கிடைக்கும்.

இனிக் குத்துச்சண்டை. வடசென்னையில் பிறந்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது எப்படி? 2021-இல் வந்த 'சார்பட்டா பரம்பரை'யை எங்கள் தெருக்களில் பார்க்காத வீடு அரிது. அதைப் போன்ற அனிமே எது என்றால் நாங்கள் உடனே விடை கூற மாட்டோம். உங்களுக்கு ரங்கன் வாத்தியாரைப் பிடித்ததா, அல்லது கபிலனின் தாய் பாக்கியத்தைப் பிடித்ததா?

வாத்தியார் என்றால், 'அஷிதா நோ ஜோ'. 1970-இல் தொலைக்காட்சிக்கு வந்த இத்தொடரில், டோக்கியோவின் ஏழைக் குடிசைப் பகுதியில் நமிடாபாஷி என்ற பாலத்தின் அடியில் டான்பே என்னும் ஒற்றைக்கண் வாத்தியார், முரட்டுச் சிறுவன் ஜோவுக்குக் குத்துச்சண்டை கற்பிக்கிறார். நமிடாபாஷி என்றால் கண்ணீர்ப் பாலம் என்று பொருள். இன்று அங்கே பாலம் இல்லை; நாற்சந்தி ஒன்றின் பெயராக மட்டும் இருக்கிறது. பேசின் பிரிட்ஜ் என்று பாலத்தின் பெயரையே ஊர்ப் பெயராகக் கொண்ட எங்களுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றவில்லை. இக்கதை முதலில் வார இதழில் சித்திரக் கதையாக வந்தபோது, ஜோவின் எதிராளி ரிகீஷி இறந்துபோகிறான். அதற்காக 1970 மார்ச் 24-ஆம் நாள் ஏறத்தாழ 700 பேர் கூடி உண்மையான இறுதிச் சடங்கே நடத்தினார்களாம்! (முடிவைச் சொல்லிவிட்டோம் என்று கோபிக்க வேண்டாம். இது பாதிக் கதைதான்.)

தாயைப் பிடித்தது என்றால், 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஹாஜிமே நோ இப்போ'. இப்போவின் தந்தை கடலில் உயிரிழந்தவர். தாய் மீன்பிடிக்கச் செல்வோருக்குப் படகு விட்டுப் பிழைக்கிறார். மகன் விடியற்காலையில் தாயோடு படகு வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறான். "மீன் நாற்றம்" என்று கேலி செய்யும் முரடர்களிடம் அடியும் வாங்குகிறான். காசிமேட்டிலிருந்து நம் பள்ளிக்கு வரும் தோழியர்க்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. குத்துச்சண்டை என்ற ஒரே பெயரின் கீழ் இவ்விரு தொடர்களையும் அருகருகே வைத்துவிடுவது இயந்திரத்துக்கு எளிது. நமக்கோ அவை வேறு வேறு.

சிறிய வகுப்புத் தங்கையருக்கு டோரேமான் என்றால் உயிர். அந்த நீலப் பூனையின் பையிலிருந்து வரும் விந்தைப் பொருள்களை விரும்புவோர் ஒருபுறம். பூஜ்ய மதிப்பெண்ணை மறைத்துக்கொண்டு வீடு திரும்பும் நோபிட்டாவுக்காக இரங்குவோர் மறுபுறம். இரண்டாம் வகையினர் சற்று வளர்ந்தபின் 'நட்சுமேயின் நண்பர் புத்தகம்' என்ற தொடரைப் பார்க்கட்டும். பெற்றோரை இழந்து உறவினர் வீடுதோறும் மாறி மாறி வளர்ந்த ஒரு பையன், பிறர் கண்ணுக்குத் தெரியாத ஆவிகளைக் காண்கிறான். அவனுடைய பாட்டி ஒரு புத்தகத்தில் சிறைப்படுத்தி வைத்த அவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறான். துணைக்கு ஒரு பருத்த பூனை. ஆகப் பூனைக்குப் பூனையும் ஆயிற்று!

ஷின்-சானைப் பற்றிப் பெற்றோர்க்கு ஒரு சொல். 2008-இல் நம் நாட்டில் அதற்குத் தடை வந்தது. பிறகு வெட்டுகளோடு திரும்பியது. ஐந்து வயதுப் பையனின் கதைதானே என்று நினைக்கிறோம். ஆனால் 1990-இல் ஜப்பானில் அது தொடங்கியது பெரியவர்கள் படிக்கும் வார இதழில். சித்திரம் என்றாலே குழந்தைகளுக்கு என்று எண்ணுவதால் வரும் குழப்பம் இது. வீட்டுக் குறும்புதான் பிடிக்கிறது என்றால், அதே 1990-இல் தொலைக்காட்சிக்கு வந்த 'சிபி மாருகோ-சான்' இருக்கிறது. 1970-களில் வாழும் மூன்றாம் வகுப்புச் சிறுமி, சோம்பேறி, வாயாடி. தாத்தாவைக் கொஞ்சியே காரியம் சாதிப்பவள். இது சிறுமியர் இதழில் பிறந்த கதை. எங்களில் இருவரை அவரவர் அம்மாமார் இப்போது 'மாருகோ' என்றே அழைக்கிறார்கள்.

பெரியோரையும் நாங்கள் விட்டுவிடவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலை விரும்பிப் படித்த தாத்தாக்களுக்கு, 1996-இல் தொடங்கி ஆயிரம் பாகங்களைக் கடந்த 'துப்பறியும் கோனான்'. (பொதுத் தேர்வு எழுதுவோர் தயவுசெய்து இதைத் தொடங்காதீர்கள்.) 1950-இல் நாகையா நடித்த 'ஏழை படும் பாடு' படத்தைக் கண்டு கண்ணீர் விட்டவர்களுக்கு, 2007-இல் வந்த 52 பாகத் தொடர் 'லே மிசெராப்ளே: சிறுமி கோசெட்'. இரண்டுக்கும் மூலம் விக்தர் ஹியூகோவின் நாவலே. சீதாராமன் என்ற நடிகர் 'ஜாவர்' சீதாராமன் ஆனது அந்தப் படத்தால்தான் என்பது பல பெற்றோருக்கே தெரியாது. அருட்சகோதரியருக்கோ, சித்திரக் கதை மேதை ஒசாமு தெசுகா இத்தாலிய தொலைக்காட்சி நிறுவனத்துக்காகத் தொடங்கிய 26 பாக விவிலியத் தொடர் இருக்கிறது. அவர் 1989-இல் காலமானபின் அவருடைய குழுவினர் அதை முடித்தார்கள்.

வயதைக் காட்டும் எண்ணையும் பார்க்கப் பழகுவோம். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி இணையத் திரைச் சேவைகள் 7, 13, 16 என்று வயது வரம்பைத் திரையில் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கு மட்டும் என்பது தனி. அந்த எண் சிறியதாகத்தான் இருக்கும். தேடித்தான் பார்க்க வேண்டும்.

தலைமைச் சகோதரி அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. நூலக அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க அனுமதி வேண்டும். பார்த்த தொடரின் பெயர், வயது எண், அதில் எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று மாணவியர் எழுதுவார்கள். பிடித்தது எது என்று எழுதாமல் பெயரை மட்டும் எழுதினால் நாங்களே அடித்துவிடுவோம். பெற்றோர் சந்திப்பு நாளன்று அந்த நோட்டு மேசையின் மேல் இருக்கட்டும். அம்மாமாரும் புரட்டிப் பார்க்கலாம், விரும்பினால் எழுதவும் செய்யலாம். இருநூறு பக்க நோட்டும் அட்டை போடக் காலண்டர் தாளும் நாங்களே கொண்டு வருகிறோம்.