மூட்டைப் பூச்சியும் வீடும்

சென்ற மாதம் ராயபுரத்தில் என் வீட்டுக்கு ஒரு சினிமா நண்பர் வந்தார். படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர். வெள்ளிக்கிழமை காலையில் தியேட்டரில் வெளியான அவருடைய படம் அன்று சாயங்காலமே இணையத்தில் இலவசமாக ஓடிக்கொண்டிருந்ததாம். கையில் ஒரு மனு. திருட்டுப் படம் போடுகிற தளங்களைப் புகார் கொடுத்த மாத்திரத்தில், கேள்வி முறையில்லாமல் அடைத்துவிட அரசாங்கம் இன்னும் கடுமையாகச் சட்டம் செய்ய வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. "நீங்களும் எழுதிப் பிழைக்கிறவர்தானே, ஒரு கையெழுத்துப் போடுங்கள் சார்" என்றார். நான் போடவில்லை. "அப்படியானால் நீங்கள் திருடன் கட்சியா?" என்று கேட்டுவிட்டு, வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். மனு மட்டும் என் மேஜைமேல் தங்கிவிட்டது.

நான் திருடன் கட்சி அல்ல. திருட்டுக் கொடுத்தவன். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வாசலில் ஒரு வாசகர் என்னை அடையாளம் கண்டு, "உங்கள் நாவலை செல்போனிலேயே படித்து முடித்துவிட்டேன் சார், யாரோ வாட்ஸப்பில் அனுப்பினார்கள்!" என்று முகமெல்லாம் பூரிப்பாகச் சொன்னார். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து எவனோ ஊருக்கெல்லாம் விநியோகித்திருக்கிறான். அந்த நாவலுக்கு அந்த வருஷம் எனக்குக் கிடைத்த ராயல்டியைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நான் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்த மனிதரை எனக்குத் திட்ட வரவில்லை. அவர் என் கதாநாயகியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்! அவரைத் திட்டாதது என் பலவீனமாக இருக்கலாம். அந்த வேலையைச் செய்தவனைப் பிடித்து, விசாரித்து, தண்டித்தால் எனக்குச் சந்தோஷந்தான்.

நான் கேட்பது வேறு. தடியை யார் கையில் கொடுக்கிறோம்? அது யார் தலையில் விழுகிறது?

2012ஆம் வருஷத்துச் சங்கதி ஒன்று இருக்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. தனுஷ் நடித்த '3' என்ற படத்துக்காக ஒரு வழக்குப் போட்டார்கள். அந்தப் படத்துக்கு உலகப் புகழ் எப்படி வந்தது? 2011 நவம்பரில் 'கொலவெறி' பாட்டை இணையத்தில் விட்டார்கள்; பட்டி தொட்டியிலிருந்து ஜப்பான் வரை பாடினார்கள். ஓசியில் பார்த்தவர்கள், பகிர்ந்தவர்கள், கேலி செய்து மாற்றிப் பாடியவர்கள் என்று எல்லாரும் சேர்ந்து ஏற்றிவைத்த புகழ். படம் வெளியாகிற சமயத்தில் அதே இணையத்தின்மேல் தடை வாங்கினார்கள்! இம்மாதிரித் தடை உத்தரவுக்கு 'ஜான் டோ' உத்தரவு என்று பெயர். டில்லியில் அதையே 'அசோக் குமார்' என்பார்கள். பெயர் தெரியாத, முகம் தெரியாத, எதிர்காலத்தில் குற்றம் செய்யக்கூடிய ஏதோ ஒரு முனுசாமிமேல் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிற தடை. எதிர்வாதி கோர்ட்டில் இல்லை; இருக்கவும் முடியாது, அவன் யாரென்றே தெரியாதே! ஆகவே ஒரு தரப்பு மட்டுமே பேசும். யாரைத் தடுக்க வேண்டும் என்ற ஜாபிதாவை வாதியே தயாரிப்பார். அதை இணைய இணைப்புக் கம்பெனிகளிடம் நீட்டுவார். கம்பெனிக்காரனுக்கு என்ன வந்தது? ஒவ்வொரு முகவரியையும் திறந்து பார்த்து நியாயம் விசாரிக்க அவனுக்குச் சம்பளமா கொடுக்கிறார்கள்? தளத்தையே மொத்தமாக மூடிவிடுவான்.

அப்படித்தான் மூடினார்கள். அந்த மே மாதத்தில் விமியோ என்ற தளம் போயிற்று. நம் பையன்கள் சொந்தக் காசில் குறும்படம் எடுத்து, 'எங்களையும் பாருங்கள்' என்று போட்டு வைக்கிற இடம் அது. டெய்லிமோஷன் போயிற்று. பேஸ்ட்பின் என்று ஒன்று, அதில் வெறும் எழுத்துத்தான் உண்டு, சினிமா ஓட்டவே முடியாது, அதுவும் போயிற்று. சினிமாத் திருட்டைத் தடுக்கப் போய் சினிமாக்காரப் பையன்களின் வாயை அடைத்தார்கள். கூச்சல் கிளம்பியது. ஜூன் மாதம் நீதிமன்றமே குறுக்கிட்டு, 'முழுத் தளத்தையும் மூடச் சொல்லவில்லை. குற்றம் உள்ள குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும்' என்று தெளிவுபடுத்திற்று. நல்ல தீர்ப்பு. ஆனால் நல்ல தீர்ப்புகளை நம் நாட்டில் பூஜை அறையில் வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

ஐந்து வருஷம் கழிந்தது. 2017 ஆகஸ்ட். இரண்டு ஹிந்திப் படங்களுக்காக அதே சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவுகள். ஜாபிதாவில் 2,600க்கு மேற்பட்ட முகவரிகள். அவற்றுக்கு நடுவே இன்டர்நெட் ஆர்க்கைவ்! 1996 முதல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நடந்து வருகிற நூலகம் அது. உலகத்தில் அழிந்துபோன இணையப் பக்கங்களுக்கும், பதிப்பில் இல்லாத லட்சக்கணக்கான புத்தகங்களுக்கும் அதுதான் புகலிடம். கரையான் தின்ற பழைய தமிழ்ப் புத்தகங்களை யார் யாரோ புண்ணியவான்கள் படம் பிடித்து அங்கே ஏற்றி வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவன் எழுதுகிற நாவலில் 1920இல் துறைமுகக் கூலிக்காரன் என்ன பேசினான் என்று தெரிய வேண்டுமென்றால், நான் போய்த் தேடுவது அங்கேதான். நூலகத்தாருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, நோட்டீஸ் இல்லை. இரண்டு ஹிந்திப் படங்களுக்காக அலெக்ஸாண்ட்ரியா நூலகத்துக்குப் பூட்டு! பிற்பாடு திறந்துவிட்டார்கள் என்பது வாஸ்தவம். ஆர்க்கைவுக்குக் கேட்பார் உண்டு, உலகமே கேட்டது; திறந்தார்கள். அந்த ஜாபிதாவில் இருந்த மற்ற முகவரிகளில் எத்தனை பேர் நிரபராதிகள்? யார் எண்ணிப் பார்த்தார்கள்?

"இதெல்லாம் படித்தவர்கள் கவலை, எண்ணூர்க்காரனுக்கு என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். எண்ணூர்க்காரனுக்குத்தான் இதில் எல்லாம் இருக்கிறது.

அதே 2017 ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினார். கபேர் வாசுகி எழுதிய பாட்டு. நம் வடசென்னைப் பேச்சு கர்நாடக ராகத்தில்! சபாவிலா அரங்கேறியது? தியேட்டரிலா ஓடியது? இணையத்தில்தான் வந்தது. அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றை என்ன செய்திருக்கிறது என்று அடையாற்றுக் கனவான்கள் அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள். அதே மாதம் 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குச் சேதமில்லை என்றுதான் துறைமுகத் தரப்பிலிருந்து முதலில் சொன்னார்கள். கரையில் ஜனங்கள் பக்கெட்டில் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த படம் ஊரெல்லாம் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படகையும் வலையையும் பூசிற்று. அதே டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். இவற்றுக்கு முதல் சாட்சி யார்? மீனவர் கையில் இருந்த செல்போன். அந்தச் சாட்சி ஏறி நின்ற கூண்டு எது? இந்தச் சட்டங்கள் குறிவைக்கிற அதே மாதிரித் தளங்கள்தாம்.

2013ஆம் வருஷத்துக் காப்புரிமை விதிகளைப் பாருங்கள். 'இதில் என் உரிமை இருக்கிறது' என்று ஒருவர் முறைப்படி புகார் எழுதினால், அதில் திருப்தியடைந்த தளக்காரன் 36 மணி நேரத்துக்குள் அதை மறைத்துவிட வேண்டும். 21 நாள் வரைக்கும் அது மறைந்தே கிடக்கலாம். அதற்குள் கோர்ட் உத்தரவு வராவிட்டால்தான் திரும்பத் திறக்கலாம். ஒரு மீனவன் எடுத்த படத்தின் பின்னணியில் டீக்கடை ரேடியோவில் சினிமாப் பாட்டு ஒலித்தால் போதும். புகாருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. எண்ணெய் கழுவப்பட, ஜனங்கள் மறக்க, விசாரணை அதிகாரி வந்து டீ சாப்பிட்டுப் போக 21 நாள் தாராளம். எண்ணூரில் இப்படி நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நடப்பதற்குக் கதவு திறந்து கிடக்கிறது என்கிறேன்.

2023இல் சினிமாச் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டரில் கள்ளத்தனமாகப் படம் பிடிப்பவனுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை. அபராதம் மூன்று லட்சத்துக்குக் குறையாது. இதில் எனக்குச் சண்டை இல்லை; கோர்ட்டில் நிரூபித்துவிட்டுத் தாராளமாகப் போடட்டும். ஆனால் அந்த நவம்பரில் 12 அதிகாரிகளை நியமித்து, அவர்களில் ஒருவர் சொன்னால் 48 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்களே, அங்கேதான் எனக்குப் பயம். நீதிபதி செய்தே தப்பு நேர்ந்த காரியத்தை குமாஸ்தாவிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவிலும் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2012 ஜனவரி 18ஆம் தேதி ஆங்கில விக்கிப்பீடியா தன் பக்கங்களை ஒரு நாள் முழுக்க இருட்டாக்கியது. சட்டம் கிடப்பில் போயிற்று. நமக்கு அந்தச் சொரணை வரவில்லை.

நம்முடைய தனிப் பெருமை வேறொன்று. ராயபுரத்திலிருந்து தெற்கே நடந்தால் பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜார். பர்மாவில் சகலத்தையும் பறிகொடுத்துக் கப்பலேறி வந்த தமிழர்களுக்காக அறுபதுகளின் முடிவில் உண்டான கடைவீதி. டேப் ரிகார்டர் விற்றார்கள், வீடியோ கேசட் விற்றார்கள், பிறகு திருட்டு சிடி விற்றார்கள். தப்புத்தான். அதற்கு 2004இல் என்ன செய்தார்கள்? கள்ளச் சாராயக்காரனுக்கும் ரவுடிக்கும் 1982இல் போட்ட குண்டர் சட்டத்தில் 'வீடியோ திருடன்' என்று ஒரு ஜாதியைச் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்கலாம். ஆலோசனைக் குழுவின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமைகூட இல்லை. தட்டில் சிடி அடுக்கி விற்ற பொடியனுக்கு இது. பிரதி போட்டுக் கொடுத்த முதலாளி யார் என்று கேட்காதீர்கள்.

சட்டம் அங்கே நின்றதா? 2014இல் இணையக் குற்றவாளியையும் சேர்த்தார்கள். 2017இல் சேலத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்த மாணவி வளர்மதியை அதே குண்டர் சட்டத்தில் அடைத்தார்கள். மெரினாவில் நினைவேந்தல் நடத்திய திருமுருகன் காந்தியையும் அடைத்தார்கள். உயர் நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது; மாதங்கள் போனது போனதுதான். சிடி பொடியனுக்குப் போட்டபோது நாம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சிடி வியாபாரம் பிற்பாடு ஒழிந்தது. ஒழித்தது போலீஸ் அல்ல, செல்போன்.

என் நண்பர் 'உரிமை, உரிமை' என்கிறார். பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் ரேடியோவிலும் ஒலிக்கச் செய்யும் உரிமை ஒரு காலத்தில் ஒரு படமுதலாளியிடம் இருந்தது. 1949இல் அரசாங்கம் அதைப் பெற்று, பிற்பாடு ஜனங்களுக்கே பொதுவாக்கிற்று. அதனால் பாரதி ஏழையாகிவிட்டாரா? உயிரோடிருக்கும் எழுத்தாளனுக்குக் கூலி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், எனக்கே வேண்டும். ஆனால் உரிமை என்பது ஒரு கட்டத்துக்குப் பிறகு பூட்டாகிவிடுகிறது என்பதற்கு நம் ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது.

மனுவை நேற்று எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பேனாவால் சிலவற்றை எழுதினேன். தளத்தை மூடக் கூடாது, குற்றமுள்ள பக்கத்தை மட்டும் மூட வேண்டும். மூடுமுன் அவனுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மூடிய முகவரிகளின் ஜாபிதாவை எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிட வேண்டும். பொய்ப் புகார் கொடுத்தவர் நஷ்டஈடு கட்ட வேண்டும். குண்டர் சட்டத்திலிருந்து வீடியோ திருடனை எடுத்து சாதாரணக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். இவற்றைச் சேர்த்தால் முதல் கையெழுத்து என்னுடையது என்று கீழே குறித்து, இன்று காலை தண்டையார்பேட்டைத் தபாலாபீஸில் அவருக்குத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.