காருக்குப் பூட்டும் நகைகள்

விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பிய அன்பர்கள் இம்முறை நமக்குச் சொன்ன செய்திகளுள் பாதி மோட்டார் காரைப் பற்றியவை. முன்பெல்லாம் ஊரில் மாடி எழும்பிற்றா என்று கேட்பார்கள்; இப்பொழுது வாசலில் நிற்பது எந்த வண்டி என்று கேட்கிறார்கள். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய பாதைகளில்கூட, அறுபது, எழுபது இலட்சம் விலையுள்ள கார்கள் தலைகாட்டுகின்றன. வாங்குவது அவரவர் உழைப்பின் பயன். அதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆயினும் வாங்கிய பின் அனுபவித்த ஓர் அன்பரின் கதை வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று கருதி, அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம்.

அவர் விரும்பியது 'ஸ்போர்ட்ஸ் செடான்' எனப்படும் வகை. நான்கு கதவு, ஐந்து பேருக்கு இடம், பின்னே பெட்டி வைக்கும் அறை ஆகிய எல்லாம் குடும்பக் காரைப் போலவே இருக்கும். எஞ்சின் மட்டும் பந்தயக் காரின் குணத்தோடு இருக்கும். இவ்வகைக்குப் பெயர்பெற்ற வண்டி ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே பூட்டப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. செங்கற்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007ஆம் ஆண்டு முதல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை நடந்து வருகிறது. அங்கே பூட்டப்பட்டு 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விற்பனைக்கு வந்த எம் 340 ஐ என்ற கார், நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் எட்டும் என்று நிறுவனத்தார் அறிவித்தனர். கேரளத்திலோ 2023ஆம் ஆண்டு சூலை முதல் நான்குவழித் தேசியச் சாலையில் காருக்கு விதித்த உச்ச வேகமே 100 கிலோமீட்டர், நகரத்துக்குள் 50. ஆகவே நான்கு விநாடியும் சொச்சமும் கழிந்த பின், அவ்வளவு பெரிய எஞ்சினுக்குச் சட்டப்படி வேலை இல்லை! (நம் அன்பர் வாங்கிய வண்டி வேறொரு நிறுவனத்தினுடையது. பெயர் நமக்கு வேண்டாம்.)

அன்பருக்கு வளைகுடாவில் பதினெட்டு ஆண்டு வேலை. வீடு பாறசாலைக்குக் கிழக்கே ஓர் உட்கிராமம். வீட்டில் எழுபத்தெட்டு வயதான தாயாரும், மனைவியும், பள்ளி செல்லும் பெண்ணும் இருக்கிறார்கள். தாயாருக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். மாதம் இருமுறை திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டும். "அம்மையைச் சொகமா கொண்டு போகத்தான் கார்" என்று அவர் நம்மிடம் சொன்னதை நாம் மறக்கவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் விற்பனை நிலையத்துக் கண்ணாடி மேசையில் உட்கார்ந்து, கூடுதல் பொருத்தங்களின் பட்டியலைக் கையில் வாங்கியபோது, அம்மை அங்கே இல்லை.

அந்தப் பட்டியல் ஓர் அழகிய வலை. காரின் விலை ஒன்று. அதன்மேல் பூட்டும் நகைகளுக்கு விலை வேறு. பெரிய சக்கரம், கண்ணாடிக் கூரை, கரிநார்ப் பலகை, பதினைந்துக்கு மேற்பட்ட ஒலிபெருக்கிகள் கொண்ட இசைக் கருவி, மங்கலான விசேஷ வர்ணம், தந்த நிறத் தோல் இருக்கை என்று பக்கம் பக்கமாகப் போகும். ஜெர்மனி தேசத்தார்க்கு இது வழக்கம். அங்கே ஒவ்வொருவரும் தம் காரைத் தாமே பட்டியலிட்டுக் கட்டச் சொல்லிக் காத்திருந்து வாங்குவர். வேக எல்லை இல்லாத நெடுஞ்சாலைப் பகுதிகள் அவர்களுக்கு உண்டு; பனிக்காலமும் உண்டு. இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா வசூலிக்கும் முறையைக்கூட ஒரு பெருநிறுவனம் 2022ஆம் ஆண்டு சில நாடுகளில் கொண்டுவந்து, வாங்குவோர் முணுமுணுக்கவே மறு ஆண்டில் கைவிட்டது. நம் பக்கத்து மேடமாத வெயிலில் இருக்கைக்குச் சூடு ஏற்றுவதற்குச் சந்தா எதற்கு? காரை வெளியில் நிறுத்தி வைத்தால் போதும்.

அன்பர் தேர்ந்தெடுத்தவை: பத்தொன்பது அங்குலச் சக்கரம், திறக்கும் கண்ணாடிக் கூரை, தந்த நிறத் தோல், இசைக் கருவி. பணம் எல்லை மீறியபோது பட்டியலிலிருந்து இரண்டை அடித்தார். ஒன்று, முன்பக்கத்து இடப்புற இருக்கையை மின்விசையால் ஏற்றி இறக்கும் அமைப்பு. மற்றொன்று, சாலையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப இறுகியும் தளர்ந்தும் கொடுக்கும் அதிர்வுதாங்கி. 'ஓட்டுகிறவன் நான், எனக்குள்ள இருக்கை சரியாக இருந்தால் போதும்' என்று அப்பொழுது நினைத்ததாக இப்பொழுது வருத்தத்தோடு சொல்கிறார்.

வண்டி வந்தது, மாலை போட்டுக் கோயிலில் பூசையும் நடந்தது. தாயாரை ஏற்றினார்கள். இவ்வகைக் கார்கள் தரையோடு தரையாகப் படுத்திருப்பவை, இருக்கையும் தாழ்வு. முழங்கால் மடங்காத கிழவி ஒரு கையால் கதவையும் மறு கையால் மருமகளையும் பற்றிக்கொண்டு உள்ளே சரிந்தார். திரும்பி வந்து இறங்க முடியவில்லை, இருவர் தூக்கினார்கள். "கெணத்துக்குள்ள எறங்குனது போலல்லா இருக்கு, மக்களே! எனக்கு நம்ம ஆட்டோவே போரும்" என்றாராம். அடுத்த முறை முதல் அவர் பக்கத்து வீட்டாரின் ஆட்டோவில் பாறசாலைச் சந்திப்புக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் திருவனந்தபுரம் போனார். எழுபது இலட்சத்துக் கார் கொட்டிலில் நின்றது. விடுமுறை முடிந்து அன்பரும் கப்பலேறினார். விமானமேறினார் என்று திருத்திக்கொள்கிறோம், பழைய வழக்கம் பேனாவை விட்டுப் போவதில்லை.

இனி வரிக் கணக்கைச் சிறிது பார்ப்போம். இதை விற்பவர் விரித்துச் சொல்வதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்குச் சரக்கு சேவை வரி 40 விழுக்காடு. தொழிற்சாலையிலேயே பூட்டி வரும் பொருத்தம் எதுவும் காரின் விலையோடு சேர்ந்துவிடும். அதன்மேல் மாநிலச் சாலை வரி. கேரளத்தில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அது 2023ஆம் ஆண்டில் 22 விழுக்காடாயிற்று. ஒரு இலட்சம் ரூபாய் பெறுமான கூரைக் கண்ணாடிக்கு 40,000 சேர்ந்து 1,40,000, அதற்கு 22 விழுக்காடு 30,800, ஆகமொத்தம் 1,70,800. காப்பீட்டுத் தொகையும் இதே விகிதத்தில் ஏறும். பழைய காராக விற்கும்போதோ, கூரைக் கண்ணாடிக்கென்று தனியே யாரும் விலை தருவதில்லை. ஆகையால் தரைவிரிப்பு, சக்கரத்துக்குக் காற்று அடிக்கும் சிறு கருவி போன்றவற்றைத் தொழிற்சாலைப் பட்டியலில் குறிப்பது வீண், வெளிக்கடையில் வாங்கலாம். மின்கம்பியைத் தொடும் எதையும் வெளிக்கடையில் பூட்டக்கூடாது, உத்தரவாதம் போய்விடும்.

எல்லைக் கிராமத்தாருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அண்ணன் வீடு இஞ்சிவிளையிலும் தம்பி வீடு களியக்காவிளையிலுமாகக் குடும்பங்கள் கிடக்கின்றன. ஒருவர் காரில் கே.எல். 19, மற்றவர் காரில் டி.என். 75. 'தம்பி விலாசத்தில் பதிந்தால் வரி குறையுமே' என்ற யோசனை எல்லா வீட்டுத் திண்ணையிலும் பிறக்கிறது. ஒரு காலத்தில் இலாபம் பெரிதாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 15 விழுக்காடாக இருந்த வரி, 2023 நவம்பரில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 20 விழுக்காடாக உயர்ந்தது. வித்தியாசம் இரண்டு விழுக்காடாய்ச் சுருங்கிற்று. அந்த இரண்டுக்காகச் சட்டத்தோடு விளையாடுவானேன்? வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அந்த மாநிலத்தில் பதிய வேண்டும் என்பதும், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பதும் மோட்டார் வாகனச் சட்டம். 2017ஆம் ஆண்டில் புதுச்சேரி விலாசம் காட்டிப் பதிந்த சொகுசுக் கார்களைக் கேரள அரசு துருவி விசாரித்ததும், பெயர்பெற்ற திரைக் கலைஞர்கள் சிலர்கூட வழக்கில் சிக்கியதும் பத்திரிகை படித்தவர்க்கு நினைவிருக்கும். பெட்ரோலைக் களியக்காவிளைப் பக்கம் சென்று போடுவது வேறு, அது குற்றமன்று. தமிழ்நாட்டு விலை லிட்டருக்குச் சில ரூபாய் குறைந்திருப்பதை நம்மவர் நெடுநாளாகக் கண்டுகொண்டவர்கள்.

சரி, எந்த நகையைப் பூட்டலாம்? நம் அபிப்பிராயத்தைச் சொல்கிறோம்.

சக்கரம் பெரிதாகப் பெரிதாக ரப்பர் மெலிதாகும். மெலிந்த ரப்பர் பள்ளத்தில் விழுந்தால் வயிறு வெடிக்கும், விளிம்பும் நெளியும். முக்கோலை முதல் காரோடு வரையுள்ள கான்கிரீட் புறவழிச்சாலையில் பத்தொன்பது அங்குலம் பளிங்கில் வழுக்குவதுபோல் ஓடும். அங்கிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் கடைசி மூன்று கிலோமீட்டரில்தான் அது உடையும். ஆகவே கிடைப்பதில் சிறிய சக்கரமே நல்லது. மாற்றுச் சக்கரம் வண்டியில் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். பல விலையுயர்ந்த கார்களில் அது இல்லை. இடவப்பாதி மழையில், இரவு ஒன்பது மணிக்கு, உதியன்குளங்கரையில் நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொள்வது நல்லதன்று. கூரைக் கண்ணாடி நம் வெயிலுக்கும் மழைக்கும் இடையே ஆண்டில் எத்தனை நாள் திறக்கும் என்று நாம் கேட்டோம். அன்பரின் மகள் விரல்விட்டு எண்ணி, ஆறு என்றாள். தந்த நிறத் தோலில் செம்மண் கறை ஒரே மாதத்தில் பிடித்துவிட்டது. கரு நிறமோ பழுப்போ போதும். காற்று ஊதும் இருக்கைக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. சுற்றிலும் காட்டும் ஒளிப்படக் கருவி, எதிரே ஆள் வந்தால் தானே தடை போடும் அமைப்பு ஆகிய இரண்டும் நம் ஒடுங்கிய பாதைக்கு உகந்தவை. கோட்டுக்குள் வண்டியை நிறுத்தும் கருவிக்கு முதலில் சாலையில் கோடு வேண்டும்.

பட்டியலில் இல்லாத பொருத்தம் ஒன்று உண்டு. அது காப்பீட்டில் எஞ்சினுக்கென்று தனியே எடுக்கும் பாதுகாப்பு. தேங்கிய நீரில் தாழ்ந்த காரை ஓட்டி எஞ்சினுக்குள் நீர் புகுந்தால், சாதாரணக் காப்பீடு அதற்குப் பணம் கொடுக்காமல் கைவிரித்துவிடலாம். துலாவர்ஷத்தையும் சந்திக்கும் நம் ஊருக்கு இது கூரைக் கண்ணாடியினும் முக்கியம்.

வண்டி நின்றால் கெடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அன்பர் திரும்பிச் சென்று நான்கு மாதத்தில் மின்கலம் தீர்ந்தது. எலி ஒரு கம்பியைக் கடித்தது. பழுதுபார்க்கும் நிலையமோ திருவனந்தபுரத்தில். இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனபோது ஊரே வேடிக்கை பார்த்ததாம்.

இந்த நாட்டிலே கார் வைத்து வாழ்ந்தவர் ஒருவரை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. திருவாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950களில் பெங்களூரில் ஒரு மெர்சிடஸ் பென்ஸ் 180 வகைக் காரை வாங்கினார். அதன் எண் சி.ஏ.என். 42. விலை 12,000 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பதில் புதிய கார் தருவதாக நிறுவனத்தார் சொல்லியும் அவர் கொடுக்கவில்லை என்பர். 2013ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமாகும் வரை, ஏறக்குறைய அறுபது ஆண்டு அந்தக் கார் அவரிடமே இருந்தது. கூரைக் கண்ணாடியும் இசைக் கருவியும் இல்லாத வண்டி, நிமிர்ந்த உடம்பு, உயர்ந்த இருக்கை. வேட்டி கட்டிய மனிதர் குனியாமல் ஏறி இறங்கலாம்.

நம் அன்பர் சென்ற மாதம் மீண்டும் ஊர் போய் வந்தார். பெரிய சக்கரங்களை விற்றுச் சிறியவற்றை மாட்டியிருக்கிறார். முன்னிருக்கைக்கு மின்விசை அமைப்பைப் பின்னால் பூட்ட முடியாது என்று நிலையத்தார் கூறிவிட்டனர். ஆகையால் பாறசாலைத் தையற்காரரிடம் நான்கு அங்குலக் கெட்டி மெத்தை ஒன்று தைத்து வாங்கினார். மேலே வழுக்கும் துணி. உட்கார்ந்தபின் காலோடு உடம்பைத் திருப்பிக்கொள்ளலாம். கூலி 900 ரூபாய். பழைய அம்பாசிடர் ஓட்டிய ஊர்க்காரர் ஒருவரை வாரம் இருமுறை வண்டியை எடுக்கவும் அமர்த்தியிருக்கிறார்.

தாயார் இப்பொழுது வைத்தியத்துக்கு அதில்தான் போகிறார். இசைக் கருவியை மட்டும் தொடவிடுவதில்லையாம். ஓட்டுகிறவரோடு பேச முடிவதில்லை என்கிறார்.