பத்து பெரிதா, பன்னிரண்டு பெரிதா?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், பழைய கார் வாங்க இரண்டு லட்சம் கடன் தேடி அலைந்துவிட்டு நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"பைனான்ஸ்காரர் நூற்றுக்குப் பத்து வட்டி என்கிறார், பாங்கிலே பன்னிரண்டாம். இதில் யோசிக்க என்ன ஸார் இருக்கிறது?" என்றார்.

இருக்கிறதே! பைனான்ஸ்காரர் சொன்ன பத்து, 'பிளாட்' வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், மூன்று வருஷமும் முழு இரண்டு லட்சத்துக்கே வட்டி ஓடும். ஆக 60,000 ரூபாய். பாங்கின் பன்னிரண்டோ, குறைகிற பாக்கிக்கு மட்டும். அதே மூன்று வருஷத்துக்குச் சுமார் 39,000 தான். உண்மையில் அந்தப் பத்து, ஏறக்குறைய பதினெட்டுக்குச் சமானம்!

நண்பர் முகம் வாடிவிட்டது. முன்பணம் வேறு கொடுத்துவிட்டாராம்.

2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, பாங்கானாலும் பைனான்ஸ் கம்பெனியானாலும், கட்டணமெல்லாம் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவு என்பதை நமக்குப் புரிகிற பாஷையில் விவரத் தாளாகத் தரவேண்டும். ரிசர்வ் பாங்கின் உத்தரவு. கையெழுத்துப் போடுமுன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பாங்கில் நகைக் கடனையும் விசாரிக்கலாம். பல சமயம் அது மலிவு. இதைச் சொன்னதும் நண்பர், "வளையலைக் கேட்க நீங்களே வருகிறீர்களா?" என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

"வண்டி என்ன நம்பர்?"

"கே.ஏ."

போச்சு! கர்நாடக ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் வரி கட்ட வேண்டும். இரண்டு லட்சம் போதுமா என்று மறுபடி கணக்குப் போட உட்கார்ந்தோம்.